இருபதாயிரத்துக்கு ரெண்டு பொட்டி

ஊர்ல ஒருத்தனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு பேர் கிளம்பிட்டா அவன் கதை அதோட முடிஞ்சுது. நான் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில கணக்கெழுதுற ஆள். விண்டோஸை அழிச்சுட்டுத் திரும்பப் போடத் தெரியும், அவ்வளவு தான் நம்ம சரக்கு. ஆனா பழவேற்காட்டுல சொந்தக்காரங்க மத்தியில நான் தான் பில் கேட்ஸ் :-)

போன வருஷம் (2025) மே மாசக் கடைசியில அக்கா போன் பண்ணுச்சு. "பாப்பாவுக்கு லேப்டாப் வாங்கணும்டா. இருவதாயிரம் இருக்கு. எது நல்லாருக்கும்னு நீயே பாத்து வாங்கிக் குடுத்துடு". பாப்பான்னா பொன்னேரியில பி.காம். படிக்கிற பாப்பா. முதல் வருஷம் முடிச்சு, ஜூன்ல ரெண்டாவது வருஷம் போகணும்.

இருபதாயிரம்னு நாம சுலபமா சொல்லிடறோம். அதுல 12 ஆயிரம் மகளிர் குழுவுல எடுத்த கடன். மிச்சம் 8 ஆயிரம் அக்கா வீட்டுக்காரர் (நமக்கு மாமா) புது நண்டு வலைக்குன்னு எடுத்து வச்சிருந்த காசு. வலையா லேப்டாப்பான்னு அந்த வீட்டுல ஒரு வாரம் பேசி, லேப்டாப்னு முடிவாயிருக்கு. அதனால "ஏதோ ஒண்ணு வாங்கிக்கலாம்"னு நான் கையை விரிக்க முடியாது. தப்பான பொட்டி வந்தா ஒரு சீசன் வலை போச்சுன்னு அர்த்தம்.

லேப்டாப் எதுக்குன்னு முதல்ல பாப்பாகிட்டயே கேட்டேன். "டேலி கிளாஸ் போறேன் மாமா, வீட்டுல ப்ராக்டீஸ் பண்ண ஒண்ணும் இல்ல. எக்செல்ல போன்ல பண்ணிப் பாத்தியா நீ? கண்ணு வலிக்குது. அசைன்மென்ட் டைப் பண்ணணும்னா பொன்னேரியில பிரவுசிங் சென்டர்ல ஒக்காரணும். பஸ் போயிடுது." அந்தக் கடைசி வார்த்தை தான் அக்காவுக்கு முக்கியம். பஸ்ஸை விட்டா பொண்ணு வீடு வந்து சேர ராத்திரி எட்டு ஆயிடும். ஆக, தேவை ரொம்பத் தெளிவு: டேலி, எக்செல், டைப்பிங், நாலஞ்சு டேப் திறந்து வச்ச பிரவுசர், அப்பப்ப ஒரு வீடியோ. கேம் கிடையாது, வீடியோ எடிட்டிங் கிடையாது. மூணு வருஷமாவது உழைக்கணும்.

"கவர்மென்ட்ல தான் குடுப்பாங்களே?"ன்னு நடுவுல ஒரு பெரியம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. இலவச மடிக்கணினித் திட்டம் ஆரம்பிச்சதே எங்க மாவட்டத்துல தான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னிக்குத் திருவள்ளூர் பக்கம் காக்களூர்ல ஜெயலலிதா தொடங்கி வச்சாங்க. பாப்பாவோட பெரியப்பா பையன் ப்ளஸ் டூல வாங்குன பொட்டி இன்னமும் பரண் மேல கிடக்கு. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டுக் குடுத்த பொட்டி. பையன் அதை வச்சுத் தான் டிப்ளமாவே முடிச்சான். அப்புறம் கொரோனா சமயத்துல அந்தத் திட்டம் நின்னுபோச்சு. 2025 மார்ச் பட்ஜெட்ல, கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்துல கைக்கணினியோ மடிக்கணினியோ தரோம்னு அறிவிச்சாங்க. (2026 ஜனவரியில குடுக்கவும் ஆரம்பிச்சாங்க.) ஆனா நாங்க பேசிகிட்டிருந்த மே மாசத்துல எப்ப வரும், யாருக்கு முதல்ல வரும்னு ஒருத்தருக்கும் தெரியாது. டேலி கிளாஸுக்குக் கட்டுன பணம் அதுவரைக்கும் காத்துகிட்டு நிக்காதே.

சரி, மேட்டருக்கு வருவோம். தேடித் தேடி ரெண்டு பொட்டியில வந்து நின்னேன்.

முதலாவது, புத்தம் புதுசு. பிராண்டு பேர் வேணாம், இந்த விலையில எல்லா பிராண்டும் கிட்டத்தட்ட இதையே தான் விக்குது. இன்டெல் செலரான் என்4500, 4 ஜிபி ரேம், 128 ஜிபி இஎம்எம்சி, 14 இன்ச் திரை, விண்டோஸ் 11. ஒரு வருஷ வாரண்டி. வெயிட் கம்மி. விலை 22 ஆயிரத்துக்குக் கொஞ்சம் கீழ.

ரெண்டாவது, பழசைப் புதுப்பிச்சு விக்கிற பொட்டி. லெனோவா திங்க்பேட் டி480. 2018ல வந்த மாடல். ஏதாவது ஐ.டி. கம்பெனியில மூணு நாலு வருஷம் ஓடிட்டு, மொத்தமா ஏலத்துல வந்து, ரிச்சி தெருவுல அடுக்கி வச்சிருப்பாங்களே, அந்த வகை. 8வது தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கடைக்காரர் தர்ற வாரண்டி 6 மாசம். விலை 20 ஆயிரம்.

(நடுவுல ஜியோபுக்கையும் பாத்தோம். 2023 ஜூலையில 16,499 ரூபாய்க்கு வந்தது, எடை ஒரு கிலோ கூடக் கிடையாது, 4ஜி உள்ளயே இருக்கு. ஆனா அது ஆண்ட்ராய்டை அடிப்படையா வச்ச ஜியோஓஎஸ். டேலிக்கு விண்டோஸ் வேணும். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.)

பழசுன்னதும் அக்கா மூஞ்சி சுருங்கிப்போச்சு. "கடன் வாங்கி செகண்ட் ஹேண்டா?" அது நியாயமான கோவம் தான். ஆனா 'புதுசு'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் உரிச்சுப் பாக்கணும் மக்களே. டப்பா புதுசு, சரி. உள்ள இருக்கிற என்4500 சிப் வந்தது 2021 ஆரம்பத்துல. டி480 வந்தது 2018. ஆக வித்தியாசம் மூணே வருஷம். அந்தச் செலரான்ல ரெண்டு கோர். இந்த ஐ5ல நாலு கோர், எட்டு த்ரெட். செலரானை விலை குறைவா இருக்கணும், கரண்ட் கம்மியாத் திங்கணும்னே பண்ணியிருக்காங்க. ஐ5ஐ ஆபீஸ்ல நாள் முழுக்க வேலை வாங்கறதுக்குன்னு பண்ணியிருக்காங்க.

அடுத்தது ரேம். விண்டோஸ் 11 கேக்குற குறைந்தபட்சமே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். குறைந்தபட்சம்னா பொட்டி ஆன் ஆகும்னு அர்த்தம், வேலை பண்ண விடும்னு அர்த்தம் கிடையாது. பிரவுசர்ல அஞ்சு டேப், பக்கத்துல டேலி, பின்னால அப்டேட்னு ஓடும்போது 4 ஜிபி மூச்சு வாங்கும். சரி, அப்புறமா ரேம் போட்டுக்கலாமேன்னா, நான் பாத்த அந்தப் புது மாடல்ல ரேமையும் இஎம்எம்சியையும் போர்டுலயே ஈயம் வச்சு ஒட்டிட்டாங்க. வாங்குன அன்னிக்கு என்னவோ அதே தான் கடைசி நாளும். டி480ல ரேமுக்கு ரெண்டு ஸ்லாட் இருக்கு, டிஸ்கைக் கழட்டி மாத்திக்கலாம்.

குறைஞ்ச விலைக்குப் பொட்டி பண்றதே இந்த மாதிரி வெட்டிக் குறைச்சுத் தான். 2007ல ஏசஸ் ஈ பிசி வந்தது ஞாபகம் இருக்கா? 7 இன்ச் திரை, 4 ஜிபி ஃப்ளாஷ், லினக்ஸ். அதுக்கப்புறம் நெட்புக்னு ஒரு அலையே அடிச்சுது. இன்னிக்கு இருக்கிற இருபதாயிரம் ரூபாய்ப் புதுப் பொட்டி அந்த நெட்புக்கோட பேரன் தான். திரை மட்டும் பெருசாயிடுச்சு.

இதுவரைக்கும் படிச்சா டி480 தான் ஜெயிக்குதுன்னு தோணும். சென்னையில நடுவுல ஃப்ளாட்ல இருக்கிறவங்களுக்கு இங்கயே பதிவை முடிச்சுக்கலாம். பழவேற்காட்டுல முடியாது. இங்க ஒரு எதிரி இருக்கு. உப்புக் காத்து.

ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். சிலிகாவுக்கு அடுத்தபடியா இந்தியாவுலயே பெரிய உவர்நீர் ஏரி. பாக்க அழகு தான், லீவு நாள்ல வந்துட்டுப் போறவங்களுக்கு. இங்கயே குடியிருக்கிறவங்க வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்க, சைக்கிள் செயினைப் பாருங்க. காத்துல வர்ற உப்பு எங்க படியுதோ அங்க ஈரத்தை இழுக்கும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா, படிஞ்ச உப்பு தானாவே கரைஞ்சு தண்ணியாயிடும். கடலோரத்துல அது பெரும்பாலான ராத்திரி நடக்குற விஷயம். அந்த உப்புத் தண்ணி சர்க்யூட் போர்டு மேல, கரண்ட் ஓடுற ரெண்டு கம்பிக்கு நடுவுல நின்னா என்ன ஆகும்? செம்பு பச்சை பூத்துத் தின்னுபோகும். பரண் மேல கிடக்கிற அந்த 2011 திட்டத்துப் பொட்டியைத் திறந்து பாத்தேன். விசிறி பக்கம் பூரா பச்சையும் வெள்ளையுமா பூத்துக் கிடந்தது.

இங்க தான் புதுப் பொட்டிக்கு ஒரு பெரிய ப்ளஸ். என்4500 சிப் 6 வாட் தான். அந்த மாடல்ல விசிறியே கிடையாது. விசிறி இல்லேன்னா வெளிக்காத்தை உள்ள இழுக்காது. உப்பும் கம்மியாப் போகும். டி480ல 15 வாட் சிப், விசிறி கட்டாயம். ஓடுற நேரமெல்லாம் கடல் காத்தை இழுத்து உள்ள விடும். இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. எக்செல் ஷீட்ல ரெண்டுக்கும் மார்க் போட்டு வச்சிருந்தேன், மொத்தம் பாத்தா ரெண்டும் சமமா வந்து நிக்குது!

முடிச்சை அவிழ்த்தது மாமா தான். ஞாயித்துக்கிழமை போயிருந்தேன். கரையில போட் இன்ஜினை நல்ல தண்ணியில ஓடவிட்டு உப்பைக் கழுவிகிட்டு இருந்தார். கடலுக்குப் போயிட்டு வந்தா இது தினசரி வேலை. என் எக்செல் ஷீட்டை விலாவாரியா விளக்கினேன். கேட்டுட்டுச் சொன்னார்:

"மச்சான், நான் இன்ஜின் வாங்க சொல்லோ எத்தினி எச்பின்னு மட்டும் கேட்டுட்டு வந்துடல. இது நடுக்கடல்ல நின்னா கரையில எவன் பாப்பான், ஜாமான் எங்க கெடைக்கும், இதத் தான் மொதல்ல கேட்டேன். உப்பு எப்பிடியும் திங்கத்தான் போவுது. திங்காத இன்ஜினு எங்கனா கீதா? தின்னா என்னா பண்றதுன்னு பாரு."

இதுக்கு மேல எனக்கு எந்த ரிவியூவும் தேவைப்படலை. நான் 'எது கெட்டுப்போகாது'ன்னு தேடிகிட்டு இருந்தேன். அவர் 'கெட்டுப்போனா என்ன வழி'ன்னு கேக்குறார். ரெண்டும் வேற வேற கேள்வி. கடலோரத்துல ரெண்டாவது தான் சரியான கேள்வி.

அந்தக் கேள்வியை ரெண்டு பொட்டிகிட்டயும் கேட்டுப் பாத்தேன். புதுசு ஒரு வருஷத்துக்குள்ள கெட்டா, நாமளே சென்னை சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிட்டுப் போகணும். பழவேற்காட்டுலேருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கேருந்து மின்சார ரயில், இறங்கி இன்னொரு பஸ். போக வர ஒரு நாள் பொழப்பு போச்சு. திரும்ப வாங்க இன்னொரு நாள். (வடக்குப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவுலேருந்து ராக்கெட் கிளம்புறது எங்க மொட்டை மாடியிலேருந்தே தெரியும். லேப்டாப் ரிப்பேருக்கு மட்டும் பட்டணம் போகணும். என்னத்தச் சொல்ல.) ஒரு வருஷம் முடிஞ்சு போர்டுல ஏதாவது போனா, ரேம், டிஸ்க், சிப் எல்லாம் ஒரே பலகை. அந்தப் பலகையோட விலைக்கு இன்னொரு பொட்டியே வாங்கிடலாம்.

பொன்னேரி பஜார்ல ஒரு தம்பி போனும் கம்ப்யூட்டரும் ரிப்பேர் பண்றான். அவன்கிட்ட ரெண்டு பேரையும் சொல்லி, "எது வந்தா நீ திறப்பே?"ன்னு கேட்டேன். "அண்ணா, ஒட்டுன போர்டுன்னா நான் பட்டணத்துக்குத் தான் அனுப்புவேன். டி480ன்னா இங்கயே பாத்துடலாம். கீபோர்டு தனியா கழலும், பேட்டரி தனியா கழலும், ரிச்சியில எல்லா பார்ட்டும் பழசுல கெடைக்கும்." தீர்ந்தது. மனசு டி480 பக்கம் சாஞ்சுது.

பிரான்ஸ்ல 2021 ஜனவரியிலேருந்து லேப்டாப்புக்கெல்லாம் 'ரிப்பேர் பண்ண எவ்வளவு சுலபம்'னு பத்துக்கு இத்தனை மார்க் போட்டுக் கடையிலயே ஒட்டணும்னு சட்டம் போட்டிருக்காங்க. எங்க மாமா அந்தச் சட்டத்தைப் படிச்சதில்லை :-)

பழசு வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா கண்ணை மூடிகிட்டு வாங்கக் கூடாது. பாப்பாவையும் கூட்டிகிட்டு ரிச்சி தெரு போனேன். யாருக்காவது உதவும்னு, அங்க நாங்க பாத்ததை வரிசையாச் சொல்றேன்:

1. தலைமுறை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஓட முடியுதுன்னு அப்பவே தெரியும். விண்டோஸ் 11 முறைப்படி கேக்குறது இன்டெல்ல 8வது தலைமுறையும் அதுக்கு மேலயும். டி470ம் டி480ம் வெளியில பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனா டி470ல இருக்கிறது 6வது, 7வது தலைமுறை. "இதுலயும் 11 போட்டுத் தர்றோம் சார்"னு ஒரு கடையில சொன்னாங்க. குறுக்கு வழியில போட்டா போகும். அப்டேட் தொடர்ந்து வரும்னு யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டாங்க. செட்டிங்ஸ்ல பிராசசர் பேரை நீங்களே படிச்சுப் பாருங்க.

2. பயாஸ் பாஸ்வேர்டு. கம்பெனிப் பொட்டிகள்ல பூட்டு போட்டிருப்பாங்க. கடையிலயே ரீஸ்டார்ட் பண்ணி பயாஸுக்குள்ள போய்ப் பாருங்க. பாஸ்வேர்டு கேட்டா, எவ்வளவு விலை குறைச்சாலும் வேணாம். புதுசா விண்டோஸ் ஏத்தும்போது ஏதாவது கம்பெனி பேரைக் காட்டி லாகின் கேட்டாலும் அதே பதில் தான்.

3. பேட்டரி. விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதுசுல எவ்வளவு தாங்கும், இப்ப எவ்வளவு தாங்குதுன்னு ரெண்டு எண்ணும் வரும். டி480ல உள்ள ஒண்ணு, வெளிய கழட்டுற மாதிரி ஒண்ணுன்னு ரெண்டு பேட்டரி. வெளியிருக்கிறதுல 24 வாட் அவரும் உண்டு, 72 வாட் அவரும் உண்டு. கூடக் கொஞ்சம் பணம் பேசி 72ஐ வாங்கினோம். வெயிட் கிட்டத்தட்ட ரெண்டு கிலோ ஆயிடுச்சு. மழைக்காலத்துல மணிக்கணக்கா கரண்ட் போற ஊருக்கு அந்த வெயிட் பரவாயில்லை.

4. திரை. ஒரே மாடல்ல மங்கலான 1366 திரையும் வரும், பளிச்சுன்னு 1920 திரையும் வரும். எக்செல் பாக்கறவங்களுக்கு ரெண்டாவது. விலை வித்தியாசத்தைப் பேசிக் குறைங்க.

5. கீபோர்டுல ஒவ்வொரு கீயும், ஒவ்வொரு யூஎஸ்பி ஓட்டையும், கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாத்தையும் அங்கயே அழுத்திப் பாருங்க. கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

6. பில். சீரியல் நம்பர் எழுதுன பில், வாரண்டி எத்தனை மாசம்னு அதுலயே எழுதிக் கேளுங்க. வாய் வார்த்தை வேணாம்.

மூணு கடையில ஏறி இறங்கி, நாலாவது கடையில முடிஞ்சுது. பேட்டரியோட சேத்து 21 ஆயிரம். அந்தக் கூடுதல் ஆயிரம் மாமா செலவு, அதாவது நம்ம செலவு.

உப்புக்கு என்ன பண்ணோம்? பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ள சிலிகா ஜெல் பாக்கெட் நாலு. வேலை முடிஞ்சு சூடு ஆறினதும் பொட்டி அதுக்குள்ள போகும். கடல் பக்கத்து ஜன்னலோரம் வச்சு ஓட்டறதில்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பொன்னேரி தம்பிகிட்ட குடுத்து விசிறியைச் சுத்தம் பண்றது. இன்ஜினை நல்ல தண்ணியில கழுவுற மாதிரி தான், இங்க தண்ணி மட்டும் கிடையாது.

போன மழைக்காலம் தாண்டிடுச்சு. ஒரு தடவை சின்னப் பையன் (பாப்பாவோட தம்பி) கீபோர்டு மேல டீயைக் கவுத்துட்டான். இந்த மாடல்ல கீபோர்டுக்குக் கீழ தண்ணி வடியறதுக்குன்னு வழி விட்டிருக்காங்க. உடனே ஆஃப் பண்ணிக் கவுத்து வச்சிருக்கா பொண்ணு. போர்டுக்கு ஒண்ணும் ஆகலை. கீபோர்டு மட்டும் ஒட்டிகிச்சு. தம்பி மாத்திக் குடுத்தான், கூலியோட 1,500 ரூபாய், மறுநாளே கைக்கு வந்துடுச்சு. இதே டீ அந்த இன்னொரு பொட்டி மேல ஊத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது, நினைச்சுப் பாக்கவும் வேணாம்.

இன்னொரு விஷயமும் நடந்துச்சு. 2025 கடைசியிலேருந்து உலகம் பூரா மெமரி விலை ஏறிடுச்சு. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே சிப் எல்லாம் போய்ச் சேருதாம். ரேமை 16 ஆக்கிக்கலாம்னு வச்சிருந்த யோசனையைத் தள்ளி வச்சாச்சு. ஆனா ஸ்லாட் காலியா இருக்கு. விலை இறங்குறப்ப போட்டுக்கலாம். ஒட்டுன பொட்டியில அந்த 'அப்புறம்'ங்கிறதே கிடையாது.

எல்லாரும் பழசே வாங்குங்கன்னு சொல்ல வரலை. பக்கத்துலயே சர்வீஸ் சென்டர் இருக்கா, தினமும் தோள்ல தூக்கிட்டு அலையணுமா, வீட்டுல பாத்து வாங்க ஆள் இல்லையா, டைப்பிங்கும் யூட்யூபும் மட்டும் தானா, அப்ப அந்த விசிறி இல்லாத புதுப் பொட்டி போதும். பட்ஜெட்ல இன்னும் எட்டு பத்தாயிரம் கூட முடிஞ்சா, 8 ஜிபி ரேமும் நிஜ எஸ்எஸ்டியும் இருக்கிற புதுசாப் பாருங்க, அது இது ரெண்டையும் விட நல்லது. இருபதாயிரம் தான் இருக்கு, அதுவும் கடன்னா மட்டும் மாமாவோட கேள்வியைக் கேளுங்க.

பாப்பா இப்ப டேலியில தேறிட்டா. அவங்கம்மா மகளிர் குழுவோட வரவு செலவு இப்ப எக்செல்ல ஏறுது. யார் எவ்வளவு கட்டணும்னு போன மாசம் குழுவுல வந்த தகராறை அந்த ஷீட்டைக் காட்டித் தான் தீர்த்தாங்களாம். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுல இருக்கா. மாமா அந்த சீசன் முழுக்க பழைய வலையையே தைச்சுத் தைச்சு ஓட்டினார். பொங்கல் கழிச்சுத் தான் புது வலை வந்துச்சு.

டிஸ்கி: எந்தக் கம்பெனிகிட்டயும் காசு வாங்கிட்டு எழுதலை. ரிச்சி தெருவுல கடை பேர் கேக்காதீங்க, அங்க ஒவ்வொரு பொட்டியும் ஒரு ஜாதகம். மேல சொன்ன ஆறையும் பாத்துட்டு வாங்குங்க, எந்தக் கடையா இருந்தாலும் சரி.